சேர்வராயன் மலை ஊர்களில் இரத்தசோகைத் தடுப்பு ஆய்வு நடத்துவது எப்படி?

பொது சுகாதாரம் படிக்கும் மாணவர்கள் கொண்டுவரும் ஆய்வுத் திட்டங்களில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். ஏற்காட்டில் ஓர் ஊரை எடுத்து அங்கே புது ஏற்பாட்டைச் செய்வது, ஓமலூர்ப் பக்கம் இன்னோர் ஊரை எடுத்து அங்கே எதுவும் செய்யாமல் விடுவது, ஆறு மாதம் கழித்து இரண்டு ஊரிலும் 250 பேருக்கு இரத்தம் எடுத்து ஒப்பிடுவது. மாதிரி அளவு 500 என்று அட்டையில் போட்டிருப்பார்கள். உண்மையில் அந்த ஆய்வின் மாதிரி அளவு இரண்டு. ஏற்பாடு போய்ச் சேர்வது ஊருக்கு. அதனால் எண்ண வேண்டியதும் ஊரைத்தான். இரண்டு ஊருக்கும் இடையே தெரியும் வேறுபாடு ஏற்பாட்டால் வந்ததா, தண்ணீரால் வந்ததா, உயரத்தால் வந்ததா என்று எந்தப் புள்ளியியல் முறையாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தக் கையேடு அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. எடுத்துக்கொள்ளும் ஆய்வு: 12 முதல் 17 வயது வரையுள்ள பெண்பிள்ளைகளுக்கு இரத்தசோகை வராமல் தடுப்பது. களம், ஏற்காடு தாலுகாவும் அதன் அடிவாரமும். கீழே வரும் மாதிரி அளவு எண்கள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் களத்துக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எதைச் சோதிக்கிறோம்?

பள்ளிகளில் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரைத் திட்டம் ஏற்கெனவே நடக்கிறது. நீல நிற மாத்திரை, ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். அத்துடன் ஆண்டுக்கு இருமுறை 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் குடற்புழு மாத்திரை. ஆகவே ‘இரும்புச்சத்து தந்தால் இரத்தசோகை குறையுமா’ என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. ஒப்பீட்டு ஊர்களுக்கு மாத்திரையை நிறுத்தி வைக்க எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொள்ளாது, ஒப்புக்கொள்ளவும் கூடாது.

கேட்கத் தகுந்த கேள்வி வேறு. மாத்திரை பள்ளிக்கு வருகிறது, ஆனால் பிள்ளையின் வயிற்றுக்குள் போகிறதா? அன்று பள்ளிக்கு வராத பிள்ளைக்கு அந்த வாரம் போயிற்று. வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டியவள் அடுத்த வாரம் கையில் வாங்கி ஜன்னல் வழியே போட்டுவிடுவாள். பள்ளியைவிட்டு நின்ற பிள்ளை கணக்கிலேயே இல்லை. எனவே தலையீட்டை இப்படி வகுக்கலாம்: ஊரிலுள்ள சுய உதவிக் குழுப் பெண் ஒருவர் சனிக்கிழமை மாலை ஒவ்வொரு பிள்ளையின் அட்டையையும் பார்ப்பார். அந்த வாரம் பள்ளியில் மாத்திரை விழுங்கியதாக ஆசிரியர் குறி இருந்தால் அதோடு சரி. இல்லையென்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தன் கண் முன்னால் ஒன்று விழுங்கச் சொல்வார். மாதம் ஒருமுறை தாய்மாருடன் அரை மணி நேரம் பேச்சு: கீரை, கேழ்வரகு, சாப்பாட்டோடு நெல்லிக்காய், மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம். காபித் தோட்டத்து மலையில் இந்தக் கடைசி அறிவுரையைச் சொல்வது சுலபம், கேட்க வைப்பதுதான் கடினம். காபியிலும் டீயிலும் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துவைத்து உடல் உறிஞ்சவிடாமல் செய்கின்றன. கறுப்புக் காபிக்கும் பால் காபிக்கும் இதில் பெரிய வித்தியாசமில்லை.

இந்த வரையறையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். யார், எந்தக் கிழமை, எந்த நேரம், எத்தனை முறை, எந்த மாத்திரை, அட்டை எங்கே இருக்கும், அவர் ஊரில் இல்லாத வாரம் யார் பார்ப்பார் என்று எல்லாம் அதில் வரட்டும். இரட்டை டோஸ் விழாமல் பார்ப்பது அட்டையின் வேலை. அட்டை இல்லையென்றால் மாத்திரை இல்லை என்று விதி வையுங்கள்.

ஊரா, பள்ளியா?

கொத்து, அதாவது ஏற்பாட்டை மொத்தமாகப் பெறும் அல்லது பெறாத குழு, என்று எதை எடுப்பது என்பதில்தான் மலை ஆய்வுகள் பாதி சறுக்குகின்றன. பள்ளியைக் கொத்தாக எடுக்கலாம், ஆனால் மலைமேல் மேல்நிலைப் பள்ளிகள் மிகக் குறைவு. ஒரே பள்ளிக்குப் பல ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள். மேலே சொன்ன தலையீடு ஊருக்குள் நடப்பதால் ஊர்தான் பொருத்தமான கொத்து. பள்ளியில் நடப்பது தலையீட்டு ஊர்கள், ஒப்பீட்டு ஊர்கள் என்ற இரு அணிக்கும் பொது.

ஏற்காடு தாலுகாவில் 67 வருவாய்க் கிராமங்கள் உண்டு. அந்தப் பட்டியலை அப்படியே கொத்துப் பட்டியலாக எடுத்துவிடாதீர்கள். சில கிராமம் மூன்று நான்கு குக்கிராமங்களாகச் சிதறிக் கிடக்கும். சில இடத்தில் தோட்டத் தொழிலாளர் தங்கும் லயன் வீடுகள் தனி உலகமாக இருக்கும்; அங்கே வேலை மாறினால் குடும்பமும் மாறிவிடும். ஒரே கிணறு, ஒரே அங்கன்வாடி, ஒரே ரேஷன் கடை என்று இருக்கும் குக்கிராமங்களை ஒரே கொத்தாகச் சேருங்கள். இல்லையென்றால் அக்கா ஓர் அணியிலும் தங்கை கட்டிக்கொண்டு போன பக்கத்து வரிசை இன்னோர் அணியிலும் விழும், பிறகு அறிவுரை இரு பக்கமும் பரவும். சந்தையில் நடக்கும் பேச்சைத் தடுக்க முடியாது, தடுக்கத் தேவையும் இல்லை. வாய்ப்பேச்சால் யாரும் சனிக்கிழமை மாத்திரை விழுங்கிவிடப் போவதில்லை.

சுமார் 600 பேர் வாழும் ஊரில் இந்த வயதுப் பெண்பிள்ளைகள் 30 பேர் அளவில் இருப்பார்கள். 200 பேர் உள்ள குக்கிராமத்தில் பத்து பேர் தேறினால் பெரிது. இதை முன்கூட்டியே வி.எச்.என். (கிராம சுகாதாரச் செவிலியர்) பதிவேட்டிலும் அங்கன்வாடிப் பதிவேட்டிலும் எண்ணிப் பாருங்கள். இரண்டு பதிவேடும் ஒத்துப்போகாது. வீடு வீடாகப் போய் எண்ணியதே முடிவான எண்.

விடுதிப் பிள்ளைகளுக்குத் தனி விதி வேண்டும். மலையூர்ப் பெண்கள் பலர் சேலத்திலோ ஏற்காடு டவுனிலோ விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது ஊரில் இல்லாத பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். நடுவில் முடிவெடுத்தால் எந்த அணிக்குச் சாதகமாக முடிவெடுத்தோம் என்பது நமக்கே தெரியாமல் போகும்.

உயரம் செய்யும் குழப்பம்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறையும், உடல் அதற்கு ஈடாக ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். அதனால் மலைமேல் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.6 கிராம் இருக்கும் பிள்ளையும் சமவெளியில் 12.6 இருக்கும் பிள்ளையும் ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 500 முதல் 999 மீட்டர் வரை வாழ்பவருக்கு டெசிலிட்டருக்கு 0.4 கிராம், 1,000 முதல் 1,499 வரை 0.8, 1,500 முதல் 1,999 வரை 1.1 கழிக்க வேண்டும். ஆக மலைப் பிள்ளையின் 12.6 உண்மையில் 11.5. இந்த வயதுக்கான வரம்பு 12 என்பதால் அவளுக்கு இரத்தசோகை இருக்கிறது. கழிக்காமல் விட்டால் ‘நலம்’ என்று எழுதி அனுப்பிவிடுவீர்கள்.

பழைய திருத்தப்படி 1,500 மீட்டருக்குக் கழிவு 0.5தான். பழைய ஆய்வோடு உங்கள் சதவீதத்தை ஒப்பிடும்போது அவர்கள் எந்தத் திருத்தம் போட்டார்கள் என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

இன்னொரு சிக்கல், அட்டவணை படிப்படியாக இருப்பது. 1,490 மீட்டரில் உள்ள வீட்டுக்கு 0.8, சற்று மேலே 1,510இல் உள்ள வீட்டுக்கு 1.1. ஏற்காடு சரியாக இந்த விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. கைப்பேசி ஜி.பி.எஸ். காட்டும் உயரமோ பத்திருபது மீட்டர் முன்பின் தாவும். எனவே ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக உயரம் எடுக்காமல், ஊருக்கு ஒன்று என்று நிலவரைபடத்தின் சமஉயரக் கோட்டிலிருந்து எடுத்து எல்லோருக்கும் அதையே வையுங்கள்.

இதற்கெல்லாம் மேலான தீர்வு, முதன்மை முடிவை, அதாவது ஏற்பாடு பலித்ததா என்று பார்க்க அளக்கும் முக்கிய அளவை, ‘இரத்தசோகை உண்டா இல்லையா’ என்று வைக்காமல் ஹீமோகுளோபின் அளவாகவே வைப்பது. தொடக்கத்தில் எடுத்த அளவைப் பகுப்பாய்வில் சேர்த்துக்கொண்டால், பிள்ளை அதே உயரத்தில்தான் இருக்கிறாள் என்பதால் உயரத்தின் சிக்கல் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். சதவீதத்தை இரண்டாம் நிலை முடிவாக, திருத்தம் போட்டு, தனியே காட்டுங்கள்.

எத்தனை ஊர்?

முதலில் சதவீதத்தை முதன்மை முடிவாக எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒப்பீட்டு அணியில் 50 சதவீதம், தலையீட்டு அணியில் 40 சதவீதம் என்று கொள்வோம். 5 சதவீத முக்கியத்துவ அளவு (இல்லாத பலனை உண்டு என்று சொல்லும் வாய்ப்பு), 80 சதவீதத் திறன் (இருக்கும் பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு). இரு அணியின் மாறுபாடுகளையும் கூட்டினால் 0.25 + 0.24 = 0.49. அதை 7.84ஆல் (இந்த இரண்டுக்கும் உரிய 1.96, 0.84 ஆகியவற்றின் கூட்டுத்தொகையின் வர்க்கம்) பெருக்கி, வேறுபாட்டின் வர்க்கமான 0.01ஆல் வகுத்தால் 384.16. அணிக்கு 385 பேர்.

இது யார் எந்த அணி என்று தனித்தனி ஆளாகக் குலுக்கினால் வரும் கணக்கு. ஊராகக் குலுக்கினால் ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பதற்கு விலை கொடுக்க வேண்டும். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே கொக்கிப்புழு மண். அந்த ஒற்றுமையை அளப்பதுதான் ஐ.சி.சி. அது 0.03 என்றும் ஊருக்கு 25 பேர் என்றும் எடுத்தால், பெருக்க வேண்டிய எண் 1 + (25 − 1) × 0.03 = 1.72. ஆனால் ஊர்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லை. ஊர் அளவின் மாறுபாட்டுக் கெழு 0.4 என்றால், 25ஐ 1.16ஆல் (1 + 0.4இன் வர்க்கம்) பெருக்கி ஒன்றைக் கழித்தால் 28, அதை 0.03ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 1.84. ஆக 385 × 1.84 = 709 பேர். ஊருக்கு 25 வீதம் 29 ஊர், கொத்துகள் குறைவாக இருப்பதற்காக ஒன்று சேர்த்து 30. இரு அணிக்கும் 60 ஊர். ஏற்காடு தாலுகா முழுவதையும் வழித்தெடுத்தாலும் மூச்சு முட்டும்.

ஊருக்கு இன்னும் அதிகம் பேரை எடுத்தால் ஊர் எண்ணிக்கை குறையுமே என்று தோன்றும். ஓரளவுக்குக் குறையும், அதன்பின் நின்றுவிடும். ஊர் அளவு வேறுபாட்டை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 25ஐ 50 ஆக்கும்போது ஊர் 27இலிருந்து 20 ஆகும், ஆள் 663இலிருந்து 951 ஆவார்கள். ஊரிலுள்ள அத்தனை பேரையும், இல்லாத பேரையும் சேர்த்தாலும் 12 ஊருக்குக் கீழே இறங்கவே முடியாது. அந்த அடித்தட்டு 385 × 0.03 = 11.55. திட்டம் எழுதும் முன் இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். கையிலிருக்கும் ஊர் எண்ணிக்கை அதைவிடக் குறைவு என்றால், எத்தனை ஆயிரம் பேருக்கு இரத்தம் எடுத்தாலும் அந்த ஆய்வு தன் கேள்விக்கு விடை தராது.

இப்போது ஹீமோகுளோபின் அளவையே முதன்மை முடிவாக்கிப் பாருங்கள். திட்டவிலக்கம் 1.3, பிடிக்க விரும்பும் வேறுபாடு 0.4 என்றால், 2 × 7.84 × 1.69 ÷ 0.16 = 165.6, அதாவது அணிக்கு 166 பேர். 1.84ஆல் பெருக்கினால் 306. ஊருக்கு 25 வீதம் 13 ஊர், ஒன்று சேர்த்து 14. மொத்தம் 28 ஊர், 700 பேர். அறுபது இருபத்தெட்டாகிவிட்டது. ஆம், இல்லை என்று இரண்டாக வெட்டும்போது 11.9ம் 8.1ம் ஒன்றாகிவிடுகின்றன. அங்கே தொலையும் தகவலுக்குக் கொடுக்கும் விலைதான் அந்த 32 ஊர்.

ஐ.சி.சி. எங்கே கிடைக்கும்? நாலு ஊரில் முன்னோட்டம் நடத்தி அதிலிருந்து எடுக்காதீர்கள். நாலு ஊரில் வரும் ஐ.சி.சி. எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கும், சில சமயம் பூஜ்ஜியம் என்றுகூடக் காட்டும். இதேபோன்ற முடிவை அளந்த வெளியான ஆய்வுகளிலிருந்து எடுங்கள், ஒன்றை நம்பாமல் மூன்று மதிப்புக்குக் கணக்குப் போடுங்கள். மேலே உள்ள எண்களுக்கே 0.01 என்றால் அணிக்கு 10 ஊர், 0.03 என்றால் 14, 0.05 என்றால் 17. நிதி 14க்குத்தான் இருக்கிறது என்றால், 0.05 ஆகிவிட்டால் திறன் குறையும் என்று திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஓராண்டில் 15 சதவீதம் பேர் இடம்பெயர்வார்கள் என்று வைத்து ஊருக்கு 30 பேரைச் சேருங்கள். தொடக்க அளவைப் பகுப்பாய்வில் சேர்ப்பதால் திறன் கூடும் என்பது உண்மை, ஆனால் அதைக் காட்டி ஊரைக் குறைக்காதீர்கள். நடுவில் ஓர் ஊரே விலகிக்கொண்டால் கைகொடுக்கும் சேமிப்பு அது.

அனுமதி, ஒப்புதல், பதிவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறை வழிகாட்டுதல்களைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி (கேரளத்தவர் அல்லர்) ஊர்களில் முதலில் ஊர்க்கவுண்டரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் பேச வேண்டும். ஊர்க்கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். ஆனால் ஊர்ப் பெரியவர் தரும் சம்மதம் ஊருக்குள் நுழைய மட்டுமே செல்லும். பிள்ளையின் கையில் ஊசி போட, பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும், 12 வயதைக் கடந்த பிள்ளையின் எழுத்துப்பூர்வ இசைவும் தனித்தனியே வேண்டும். கைநாட்டு வைப்பவராக இருந்தால் ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சாட்சியாக வி.எச்.என்.ஐயே நிறுத்துவது பரவலான வழக்கம், தவறான வழக்கமும்கூட. ஊரில் அவருக்கு மறுப்புச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

முதல் பிள்ளை சேரும் முன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு செய்யுங்கள். கட்டணம் இல்லை. மருந்து ஆய்வில்லையே, பழக்கவழக்க ஆய்வுதானே என்று விடாதீர்கள். முதன்மை முடிவு எது என்று தேதி போட்டு வெளியில் எழுதிவைத்திருப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

எதிர்பார்ப்பு எவ்வளவு பலமாக இருந்தாலும் அது முடிவாகிவிடாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, 15 ஆண்டு பின்தொடர்ந்த பிறகும் பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்குப் பாதுகாப்பு இல்லை என்றே காட்டியது. மறுபுறம், திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளுக்கு நடந்து 1990இல் வெளியான ஆய்வு, வாரம் ஒரு சிறு அளவு வைட்டமின் ஏ தந்ததில் இறப்பு 54 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. தடுப்பு என்றாலே தீங்கில்லை என்றும் எண்ணக் கூடாது. தான்சானியாவின் பெம்பா தீவில் மலேரியா மிகுந்த இடத்தில் சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் தந்த ஆய்வில் மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடியதாக 2006இல் அறிக்கை வந்தது. எனவே பாதுகாப்புக் கண்காணிப்புக் குழுவை ஒரு சம்பிரதாயமாக நினைக்காதீர்கள்.

எந்த அணியாக இருந்தாலும் ஹீமோகுளோபின் 8க்குக் கீழே உள்ள பிள்ளையை அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பழங்குடி ஊர்களில் அரிவாள் செல் சோகைப் பரிசோதனைக்கும் வழி செய்துவையுங்கள்.

குலுக்கல்

வரிசை முக்கியம். முதலில் ஊர் பட்டியல், பிறகு பிள்ளைகளைச் சேர்ப்பது, பிறகு முதல் இரத்தப் பரிசோதனை, எல்லாம் முடிந்த பிறகே குலுக்கல். குலுக்கலை முன்னால் நடத்தினால், எந்த ஊர் எந்த அணி என்று தெரிந்த களப்பணியாளர் தலையீட்டு ஊரில் ஒத்துழைக்கும் வீட்டை விரும்பித் தேடிச் சேர்ப்பார். அவர் மேல் குற்றமில்லை, மனித சுபாவம். ஆனால் அந்தச் சாய்வைப் பின்னால் கணக்கில் சரிசெய்ய முடியாது.

28 ஊரை அப்படியே குலுக்கினால் உயரமான ஊரெல்லாம் ஒரு பக்கம் குவிய வாய்ப்புண்டு. எனவே அடுக்காகப் பிரியுங்கள். உதாரணமாக மலைமேல் 18 ஊர், அடிவாரத்தில் 10 ஊர். முதல் அடுக்கில் 9க்கு 9, இரண்டாவதில் 5க்கு 5. அதற்கு மேல் லயன் வீடுகளின் பங்கு, தொடக்க ஹீமோகுளோபின் சராசரி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உள்ள தூரம் ஆகிய மூன்றும் இரு அணியிலும் ஏறத்தாழச் சமமாக வரும் பங்கீடுகளை மட்டும் கணினியில் பொறுக்குங்கள். அப்படிப் பொறுக்கியவற்றில் ஆயிரத்தை எடுத்து 000 முதல் 999 வரை எண் கொடுங்கள். பிறகு ஊராட்சிப் பிரதிநிதிகள் கூடியிருக்கும்போது, 0 முதல் 9 வரை எழுதிய பந்துகளைப் பையில் போட்டு, ஒவ்வொரு முறையும் எடுத்த பந்தைத் திரும்பப் போட்டு, மூன்று முறை எடுக்கச் சொல்லுங்கள். வந்த மூன்று இலக்க எண்தான் பங்கீடு. ‘எங்கள் ஊரை ஏன் விட்டீர்கள்’ என்ற கேள்வி பாதிக்கு மேல் அங்கேயே அடங்கிவிடும்.

கட்டுப்பாடுகளை அளவுக்கு மேல் இறுக்காதீர்கள். எந்த இரண்டு ஊரும் எப்போதும் ஒரே அணியில்தான் வருகின்றன என்றோ, ஒருபோதும் சேர்ந்து வருவதேயில்லை என்றோ ஆகிவிட்டால் குலுக்கல் பெயரளவுக்குத்தான். ஆயிரம் பங்கீட்டில் ஒவ்வொரு ஜோடி ஊரும் எத்தனை முறை சேர்ந்து வருகிறது என்று ஓர் அட்டவணை போட்டுப் பாருங்கள்.

இரத்தம் எடுப்பது

விரல்நுனி இரத்தமும் நரம்பு இரத்தமும் வேறு வேறு எண் தரும். விரல்நுனியில் அளந்த தேசிய குடும்பநல ஆய்வும், நரம்பில் எடுத்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வும் வளரிளம் பெண்களுக்கு வெகு தூரம் விலகிய சதவீதங்களைத் தந்ததற்கு இதுவும் ஒரு காரணம். முடிந்தால் நரம்பில் 2 மில்லி, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. உள்ள, ஊதா மூடி போட்ட குழாயில் எடுங்கள். எடுத்தவுடன் எட்டு பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள். கைப்பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தால் இரத்தம் அங்கே செறிந்து ஹீமோகுளோபின் கூடுதலாகக் காட்டும். குழாயை ஐஸ் கட்டியின் மேல் நேராக வைத்தால் செல்கள் உடையும். நடுவில் துணியோ அட்டையோ வையுங்கள். சேலம் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பெட்டி உருளாமல் குழாய்கள் நின்ற வாக்கில் இருக்க வேண்டும். காலையில் எடுத்தது அன்று மாலைக்குள் ஆய்வகக் கருவியில் ஓட வேண்டும். மாதிரியை ஆய்வகத்தில் கொண்டு சேர்க்க மழை நாளில் குப்பனூர் வழியையும் முன்பே பார்த்துவையுங்கள்.

விரல்நுனிதான் முடியும் என்றால், நடுவிரலில் அல்லது மோதிர விரலில் குத்தி, முதல் இரண்டு மூன்று துளிகளைத் துடைத்துவிட்டு, தானாகத் திரளும் துளியை எடுங்கள். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் குறையும். கையடக்க ஹீமோகுளோபின் கருவியான ஹீமோக்யூ 201இல் இரத்தத் துளியை ஏந்தும் குவெட்டுக்கு ஈரம் ஆகாது. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தால் அன்றைய எண்கள் அத்தனையும் சந்தேகத்துக்குரியவை. ஒன்றை எடுத்ததும் மூடுங்கள், திறந்த தேதியை டப்பாமேல் எழுதுங்கள். தினமும் காலையில் கட்டுப்பாட்டுத் திரவம் வைத்துச் சரிபார்த்து எண்ணைக் குறியுங்கள்.

ஒரு நுட்பாளர் தலையீட்டு ஊர்களையும் இன்னொருவர் ஒப்பீட்டு ஊர்களையும் பார்ப்பது என்று மட்டும் பிரிக்காதீர்கள். இரு அணி ஊர்களும் ஒவ்வொரு வாரமும் கலந்து வர வேண்டும், ஒவ்வொரு கருவியும் இரு அணிக்கும் போக வேண்டும். இரத்தம் எடுப்பவருக்கு எந்த ஊர் எந்த அணி என்று சொல்லத் தேவையில்லை. ஊருக்குள் போனால் அட்டையைப் பார்த்து அவர் கண்டுகொள்ளலாம், ஆனால் ஆய்வகத்தில் கருவி ஓட்டுபவருக்குத் தெரிய வழியில்லை. நரம்பு இரத்தம் எடுக்க இதுவும் ஒரு காரணம்.

காலத்தைப் பொறுத்தவரை, முதல் அளவும் கடைசி அளவும் ஒரே மாதத்தில் வரும்படி பன்னிரண்டு மாத இடைவெளி வையுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வசதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, மண்சரிவு. நவம்பரிலிருந்து காபிப் பழம் பறிப்பு, அப்போது பகலில் வீட்டில் ஆள் இருக்காது. மார்ச்சில் பொதுத்தேர்வு. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவும் சுற்றுலாக் கூட்டமும். அடிவாரத்தில் தறி ஓடும் வீடுகளுக்கும் கொலுசு வேலை செய்யும் வீடுகளுக்கும் காலை நேரம் ஒத்துவராது, மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள்.

மலையில் கைப்பேசிச் சிக்னலை நம்பி எதையும் வைக்காதீர்கள். இணையமில்லாமல் பதிவுசெய்து பின்னர் ஏற்றும் கோபோ அல்லது ஓ.டி.கே. செயலி போதும். ஆதார் எண்ணை வாங்கவே வேண்டாம். ஊருக்கு இரண்டு இலக்கம், பிள்ளைக்கு இரண்டு இலக்கம், தட்டச்சுப் பிழையைப் பிடிக்க ஒரு சரிபார்ப்பு இலக்கம்.

பகுப்பாய்வு

கடைசி இரத்தம் எடுக்கும் முன்பே பகுப்பாய்வுத் திட்டத்தை எழுதி, தேதியிட்டு, பூட்டிவிடுங்கள். குலுக்கலில் எந்த அணியில் விழுந்ததோ அந்த அணியிலேயே ஒவ்வொரு ஊரையும் வைத்துக் கணக்கிடுங்கள். ஒரு தலையீட்டு ஊரில் சுய உதவிக் குழுப் பெண் மூன்றாம் மாதமே வேலையை விட்டுவிட்டாலும் அது தலையீட்டு ஊர்தான். நாளை அரசு இதை நடத்தினாலும் அப்படித்தான் சில ஊரில் நடக்கும்.

கொத்தாகக் குலுக்கிவிட்டு ஆளாகப் பகுப்பாய்வு செய்வது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது என்று புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்ட் 1978லேயே எழுதிவிட்டார். அது எவ்வளவு ஏமாற்றம் என்று நம் எண்களிலேயே பார்க்கலாம். 700 பிள்ளைகளையும் தனித்தனி ஆளாக எடுத்தால் திட்டப்பிழை 1.84இன் வர்க்கமூலமான 1.36 மடங்கு குறைத்துக் காட்டப்படும். அப்போது 1.96 என்று நினைக்கும் எல்லை உண்மையில் 1.44தான். எந்தப் பலனும் இல்லாத ஏற்பாட்டை ‘பலன் உண்டு’ என்று அறிவிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 5 என்று நினைத்திருப்போம், அது 15ஆக இருக்கும்.

மிக எளிய சரியான வழி இது: ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சராசரி எடுங்கள், 14 எண்ணையும் 14 எண்ணையும் டி-சோதனையில் ஒப்பிடுங்கள், கட்டற்ற அளவு 26. அடுக்குகளுக்காக ஒன்று கழிப்பவர்களும் உண்டு. நுணுக்கமான புள்ளியியல் மாதிரிகளைப் பார்த்து மிரள்பவர்கள் இதோடு நின்றாலும் பிழையில்லை. முதன்மைப் பகுப்பாய்வுக்கு, ஊருக்கு ஊர் உள்ள வேறுபாட்டையும் கணக்கில் எடுக்கும் கலப்பு மாதிரி வையுங்கள்: கடைசி ஹீமோகுளோபினை விளக்க அணி, தொடக்க ஹீமோகுளோபின், அடுக்கு, வயது, குலுக்கலில் சமன்படுத்திய மாறிகள், ஊர் சமவாய்ப்பு விளைவாக. ஆர் மென்பொருளில் எல்.எம்.இ.4 தொகுப்பு இதைச் செய்யும். 28 கொத்துதான் என்பதால் கென்வர்ட்–ரோஜர் அல்லது சாட்டர்த்வெய்ட் திருத்தம் கட்டாயம். கொத்துத் தரவுக்கான இன்னொரு முறையான ஜி.இ.இ. பயன்படுத்தினால் சுமார் 40 கொத்துக்குக் கீழே அதன் திட்டப்பிழை சிறிதாகக் காட்டும், சிறுமாதிரித் திருத்தம் போடாமல் வெளியிடாதீர்கள். இரண்டு வழியிலும் வரும் விடை ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். விலகினால் ஏதோ ஒரு பெரிய ஊர் முடிவைத் தன் பக்கம் இழுக்கிறது என்று அர்த்தம், எது என்று தேடுங்கள்.

தொடக்க நிலை அட்டவணையில் பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தெரியும் வாய்ப்பு) போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குலுக்கல் முறையாக நடந்திருந்தால் அங்கே தெரியும் வேறுபாடு தற்செயல்தான். அதைச் சோதிப்பதில் பொருளில்லை.

விடுபட்ட பிள்ளைகளைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். எந்த அணியில், எந்த ஊரில், எதற்காக விடுபட்டார்கள் என்று எழுதுங்கள். தோட்டம் மாறிப்போன குடும்பங்கள் இரு அணியிலும் ஒரே அளவில் இருந்தால் பெரிய கவலையில்லை. தலையீட்டு ஊரில் மட்டும் ‘மறுத்துவிட்டார்’ கூடுதலாக இருந்தால், மாத்திரை பிடிக்காதவர்கள் கழன்றுகொண்டார்கள், மிஞ்சியவர்களின் சராசரி அழகாகத் தெரிகிறது என்று பொருள். விடுபட்ட மதிப்புகளை நிரப்பினால் ஊர் அடையாளத்தையும் சேர்த்தே நிரப்புங்கள், இல்லையென்றால் ஐ.சி.சி. செயற்கையாகக் குறையும்.

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் அளந்திருந்தால், காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது அது தானே ஏறிவிடும் என்பதால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யையும் சேர்த்து அளந்திருக்க வேண்டும். தொற்றில்லாதவருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமும் தொற்று இருப்பவருக்கு 70 மைக்ரோகிராமும் வரம்பு.

அறிக்கையில் பி மதிப்பைவிட முன்னால் வர வேண்டியவை வேறுபாடும் அதன் 95 சதவீத நம்பக இடைவெளியும். 0.3 கிராம் வேறுபாடு, இடைவெளி −0.1 முதல் 0.7 வரை என்று வந்தால் ‘பலனில்லை’ என்று எழுதாதீர்கள். நல்ல பலனும் இருக்கலாம், சற்றுத் தீங்கும் இருக்கலாம், இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பதுதான் அந்த இடைவெளி சொல்வது. கொத்து ஆய்வுகளின் அறிக்கை எழுதுவதற்கான கன்சார்ட் சரிபார்ப்புப் பட்டியலைப் பின்பற்றி ஊர் எண்ணிக்கையையும் பிள்ளை எண்ணிக்கையையும் ஒவ்வொரு படியிலும் தனித்தனியே காட்டுங்கள். நீங்கள் கண்ட ஐ.சி.சி.யை அதன் இடைவெளியோடு கட்டாயம் வெளியிடுங்கள். கல்வராயனிலோ பச்சைமலையிலோ அடுத்து ஆய்வு நடத்தப்போகிறவர் மாதிரி அளவு போடத் தேடுவது அந்த ஓர் எண்ணைத்தான்.